நாயகன் விழுந்த பிறகும் போர் நடந்தது

ஆகஸ்டுத் திங்கள் பிறந்துவிட்டால் நம் மாவட்டத்துப் பள்ளி மேடைகளில் ஒரு குரல் ஒலிக்கத் தொடங்கும். மையால் தீட்டிய மீசையும் அட்டையில் வெட்டிய வாளுமாக ஒரு சிறுவன் முன்னே வருவான். மார்பை நிமிர்த்துவான், புருவத்தை உயர்த்துவான், வெள்ளைத் துரையை நோக்கி வரிமறுப்பு வசனத்தை ஒரே மூச்சில் முழங்குவான். பெற்றோர் கைதட்டுவர். முதற்பரிசும் பெரும்பாலும் அவனுக்கே கிடைக்கும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைக்கு வந்தது 1959ஆம் ஆண்டு மே 16ஆம் நாள். மூன்று தலைமுறைகள் கடந்துவிட்டன. 2015ஆம் ஆண்டு டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் அரங்குகளுக்கு வந்தது. எனினும் மக்கள் நெஞ்சில் அப்படம் என்றால் அந்த ஒரு காட்சியே. ஜாக்சன் துரையின் அவையில் கட்டபொம்மன் நிற்கும் காட்சியை அறியாத தமிழர் அரியர்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. மேடையில் முழங்கிய அச்சிறுவன் நடித்தது கட்டபொம்மனையா, கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசனையா? விடை எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. இக்கட்டுரை அதைப் பொருட்படுத்தச் சொல்லும் கட்டுரை. நட்சத்திரங்களைப் போற்றும் நம் வழக்கம், அவர்கள் காட்டிய மனிதரை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. அம்மனிதரின் பின்னே நின்ற எளிய மக்களையோ முற்றிலும் துடைத்துவிட்டது. இதற்குக் குற்றவாளி நடிகர் அல்லர். பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்ட நாம்தான்.

இரு கட்சியார்

திரைப்படம் பற்றிய பேச்சு எழுந்தால் நம்மிடையே இரு கட்சியார் எழுவர். முதற்கட்சியார் ரசிகர்கள். "நடிகர் திலகம் நடிக்காவிட்டால் கட்டபொம்மனை யார் அறிவார்? வ.உ.சி.யை யார் நினைப்பார்?" என்பது அவர்கள் வாதம். இரண்டாம் கட்சியார் பக்திமான்கள். திரைப்படம் என்பதே ஒழுக்கக் கேட்டின் ஊற்று, அதைப் பற்றித் திருச்சபை இதழில் எழுதுவதே வீண் என்பது அவர்கள் முடிவு.

இரண்டாம் கட்சியாருக்கு முதலில் விடை சொல்லிவிடலாம். திருச்சபை இக்கலையைக் கண்டு கதவடைத்துக்கொள்ளவில்லை. 1936ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படம் பற்றித் தனி மடல் எழுதினார். 1957இல் பன்னிரண்டாம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் ஒருசேர எடுத்துப் பேசினார். 1963ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றி ஓர் ஆணையே வெளியிட்டது. இக்கருவிகளை அஞ்சி விலகாமல், அறிந்து, தேர்ந்து, பொறுப்போடு பயன்படுத்த வேண்டும் என்பதே இம்மூன்றின் சாரம். பார்வையாளருக்கும் கடமை உண்டு என்று அச்சங்கம் அறுதியிட்டுக் கூறியது. அந்தக் கடமையைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

முதற்கட்சியாரின் வாதமோ வலுவானது. அதை எளிதில் ஒதுக்க இயலாது. ஆகவே கொடுக்க வேண்டிய பெருமையை முதலில் குறைவின்றிக் கொடுத்துவிடுவோம்.

கொடுக்க வேண்டிய பெருமை

கட்டபொம்மன் கதை சிவாஜியால் பிறந்ததன்று. சிவாஜி என்ற நடிகரே அக்கதையால் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது கட்டபொம்மன் கூத்தைப் பார்த்த மயக்கமே தம்மை நாடகத்துக்கு இழுத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். 1957இல் தம் நாடக மன்றத்தின் வழியே அதை மேடையேற்றினார். சக்தி கிருஷ்ணசாமி வசனம் எழுதினார். கன்னட நாட்டில் பிறந்த பி.ஆர். பந்துலு பொருளை வாரி இறைத்து வண்ணப் படமாக எடுத்தார். போர்க் காட்சிகளுக்காகப் படக்குழு ஜெயப்பூர் வரை சென்றது. ம.பொ. சிவஞானம் வரலாற்றுச் செய்திகளைத் திரட்டி உதவினார். ஜி. ராமநாதன் இசையமைத்தார். 1960இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது சிவாஜியை வந்தடைந்தது. பாஞ்சாலங்குறிச்சி என்ற கரிசல் காட்டு ஊரின் பெயர் நைல் நதிக்கரையில் ஒலித்தது சிறிய செயலன்று.

இவற்றினும் பெரிய செயல் ஒன்று உண்டு. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் சிவாஜி தம் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிச் சிலை எழுப்பினார். அரசு அங்கே மணிமண்டபம் அமைத்தது அதற்கு நெடுநாள் பின்னர். தாம் ஏற்ற வேடம் தம்மைக் காட்டுவதற்காக அன்று, இன்னொருவரைக் காட்டுவதற்காகவே என்பதை அந்நடிகர் உணர்ந்திருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அவர் திரையைவிட்டு இறங்கிக் கயத்தாற்றுக்குப் போனார். அவருடைய ரசிகர்களோ திரையரங்கோடு நின்றுவிட்டனர். திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்குப் பேருந்தில் போகும்போது அச்சிலையைச் சுட்டி, "அதோ சிவாஜி சிலை" என்று பிள்ளைக்குக் காட்டும் பெற்றோர் இருக்கும் வரையில் இவ்வழக்கு தீராது.

பேசாத வீரம்

இப்போது அந்தப் புகழ்பெற்ற காட்சிக்கு வருவோம். திரையில் கட்டபொம்மன் இருக்கையைத் தானே இழுத்துப் போட்டு அமர்கிறார். ஜாக்சன் துரையைச் சொல்லால் சுட்டெரிக்கிறார். வரலாற்றில் நடந்தது என்ன?

1798ஆம் ஆண்டு கலெக்டர் ஜாக்சன், தம்மை வந்து காணுமாறு கட்டபொம்மனுக்கு ஆணை அனுப்பினார். கட்டபொம்மன் புறப்பட்டார். குற்றாலத்தில் காண மறுத்தார் ஜாக்சன், ஸ்ரீவில்லிப்புத்தூரிலும் மறுத்தார். ஊர் ஊராகப் பின்தொடர வைத்து இறுதியில் செப்டம்பர் மாதத்தில் இராமநாதபுரம் அரண்மனையில், இராமலிங்க விலாசத்தில், பேட்டி தந்தார். அங்கே கணக்குப் பார்க்கப்பட்டது. பாக்கியில் பெரும்பகுதி ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தது. எஞ்சியது 1,080 பகோடாக்களே என்று நம் பாடநூல்களே கூறுகின்றன. அவையில் கட்டபொம்மனும் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டனர். தம்மைச் சிறைப்பிடிக்கத் திட்டம் இருப்பதை உணர்ந்து வெளியேற முயன்றபோது கோட்டை வாயிலில் கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் மாண்டார். கட்டபொம்மன் தப்பினார்; அமைச்சர் சிக்கினார். பின்னர் விசாரணைக் குழு கூடியது. சிவசுப்பிரமணிய பிள்ளை விடுவிக்கப்பட்டார், ஜாக்சன் பதவியிழந்தார்.

இந்த வரலாறு திரைக்காட்சியைவிடச் சிறியதா? ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர், கடனைப் பெரும்பாலும் அடைத்தும் அவமானத்துக்கு ஆளானவர், மூன்று மணி நேரம் நின்றவர், எல்லை மீறியபோதே வாளைத் தொட்டவர். இம்மனிதரிடம் பொறுமை இருந்தது, கணக்கு இருந்தது, தன்மானமும் இருந்தது. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததோ முழக்கத்தை மட்டும். வீரம் என்றால் உரத்த குரல், நீதி என்றால் நீண்ட வசனம் என்று ஒரு தலைமுறைக்கே பயிற்சி அளித்துவிட்டோம். அரசியல் மேடையிலும் சாதிச் சங்க மேடையிலும் இன்று அந்தப் பயிற்சியின் அறுவடையைக் கண்டு வருகிறோம். ஏரோதின் முன்னே கேள்விமேல் கேள்வி வந்தபோதும் வாய் திறவாது நின்றவரை வழிபடும் நமக்கு, நின்றுகொண்டே வெல்லும் வீரம் புரியாமற் போகலாமா?

ஒரு பெயர் வசையான கதை

நட்சத்திரக் காட்சி ஒரு மனிதரை உயர்த்தும்போது வேறொருவரைத் தாழ்த்தவும் செய்கிறது. நாயகன் இருந்தால் துரோகியும் வேண்டும். அப்படத்தில் எட்டப்பனாக வந்தவர் வி.கே. ராமசாமி. அவர் திறமையான நடிகர். அந்தத் திறமையே வினையாயிற்று. திரையரங்கின் சிரிப்பும் சினமும் சேர்ந்து ஒரு குடியின் பெயரைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் வசைச் சொல்லாக்கின. இன்று கட்சி மாறியவர் எட்டப்பன். ரகசியம் சொன்னவர் எட்டப்பன். பங்கு மன்றத் தேர்தலில் எதிரணிக்கு வாக்களித்தவரும் எட்டப்பன்!

எட்டயபுரத்துப் பாளையக்காரர் கம்பெனியின் பக்கம் நின்றார் என்பது உண்மை. கட்டபொம்மனின் ஆட்களைப் பிடித்துக் கொடுத்ததும், போருக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு பெற்றதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காட்டில் மறைந்திருந்த கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அவர் பெயர் வசைச்சொல் ஆகவில்லை. மணியாச்சியும் மேல்மாந்தையும் அதே நிலத்தில் பங்கு பெற்றன. அவற்றின் பெயரையும் எவரும் வசையாக்கவில்லை. பல பாளையங்கள் சேர்ந்து சுமக்க வேண்டிய பழியை ஒரே ஊரின் தலையில் ஏற்றிவைத்தோம். எட்டுப் பேருக்கு அப்பனாக இருந்து காத்ததால் வந்தது அப்பெயர் என்பது அக்குடியின் மரபுக் கதை. காப்பவன் என்ற பொருளில் பிறந்த பெயர் காட்டிக்கொடுப்பவன் என்று பொருள் மாறியது எத்துணை கொடிது!

நம் மக்களுக்கு இதில் தனிப்பட்ட கடமை ஒன்றும் உண்டு. வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டியை அறியாத கத்தோலிக்கர் தென்பாண்டி நாட்டில் இலர். அவ்வூர்ப் பரலோக மாதா ஆலயத்துக்கு அந்நாளில் ஆதரவும் பாதுகாப்பும் தந்தவர்கள் எட்டயபுரத்துப் பாளையக்காரர்கள் என்பதை அப்பங்கின் வரலாறு நன்றியோடு நினைவுகூர்கிறது. 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் சுப்பிரமணிய பாரதி பிறந்ததும் அந்த எட்டயபுரத்தில்தான். பாரதி என்ற பட்டம் அச்சிறுவனுக்குக் கிடைத்ததும் அங்கேதான். நன்றி மறந்து அப்பெயரை நாமும் வசையாக உச்சரிக்கிறோம். பிறர்க்கு எதிராகப் பொய்ச்சான்று கூறாதே என்ற கட்டளை ஒரு மனிதரைப் பற்றியது மட்டுமன்று. ஓர் ஊரைப் பற்றியதுமாகும்.

திரை விழுந்த இடத்தில் தொடங்கிய போர்

இனி என் முதன்மையான வழக்குக்கு வருகிறேன். 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். படம் அங்கே முடிகிறது. நட்சத்திரப் படத்துக்கு அதுவே இயல்பு. நாயகன் இறந்த பிறகு கதையை யார் முகத்தைக் காட்டி நடத்துவது? கூட்டம் எழுந்து போய்விடுமே!

வரலாறு எழுந்து போகவில்லை. கட்டபொம்மனின் தம்பியர் ஊமைத்துரையும் செவத்தையாவும் நம் பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர். 1801ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், வெள்ளை அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்தில் இருந்த வேளை, மாறுவேடத்தில் வந்த ஊரார் காவலரை மடக்கிச் சிறையை உடைத்து அவர்களை மீட்டுச் சென்றனர். இடித்துத் தள்ளப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாள்களுக்குள் மீண்டும் எழுந்தது. மண்ணும் வைக்கோலும் சுமந்து அதை எழுப்பியவர்கள் பெயரில்லாத மக்கள். மார்ச் 31ஆம் நாள் கம்பெனிப் படை பெரும் இழப்போடு பின்வாங்கியது. கர்னல் அக்னியூ புதுப்படையோடு வந்து சேர்ந்த பிறகே, மே 24ஆம் நாள் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை காயத்தோடு தப்பி மருது சகோதரரோடு சேர்ந்தார். அக்டோபரில் மருதுவர் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16ஆம் நாள் ஊமைத்துரையும் செவத்தையாவும் பாஞ்சாலங்குறிச்சியிலேயே கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு 73 பேர் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

அண்ணனின் போரைவிடத் தம்பியின் போர் நீண்டது, பரந்தது, கம்பெனியை மிகுதியாக அச்சுறுத்தியது. அதற்கு ஒரு படிக்கட்டு போல நின்றது நம் பாளையங்கோட்டை. இவ்வூரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாதது ஏன்? ஊமைத்துரைக்கு வசனம் இல்லை என்பதால்தான். அவர் பேச்சுத் திறன் குன்றியவர். அப்போரில் பங்கேற்ற கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அவரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். மெலிந்த உடல், நோயுற்றவர் போன்ற தோற்றம். உள்ளங்கையில் சிறு துரும்புகளை வைத்து அவையே வெள்ளைப் படை என்று காட்டி, மறுகையால் அவற்றைத் துடைத்தெறிவாராம். அந்த ஒரு சைகையே ஆணை; அதற்கு உயிரைக் கொடுக்க ஆயிரக்கணக்கானோர் இருந்தனர். பகைவரே எழுதி வைத்த சான்று இது.

அதே நூலில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. கோட்டை விழுந்த பின் பிணங்களுக்கிடையே தம் பிள்ளைகளைத் தேடிப் பெண்கள் வந்தனர். ஒரு தாய், உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த தன் மகனைக் கண்டாள். அவன் தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயத்தோடு கிடக்கும் சாமியைக் காப்பாற்றுமாறு கேட்டுக்கொண்டான். சாமி என்று அம்மக்கள் அழைத்தது ஊமைத்துரையை. அத்தாயும் உடன்வந்த பெண்களும் அவரைத் தூக்கித் தம் வீட்டுக்குக் கொண்டுபோயினர். தேடிப் படை வந்தபோது அவர்மீது துணியைப் போர்த்தி, அம்மை நோயில் பிள்ளை இறந்துவிட்டான் என்று கூவி அழுதனர். அஞ்சிய வீரர்கள் அகன்றனர்.

மகனைக் களத்தில் விட்டுவிட்டு ஊரின் நம்பிக்கையைத் தூக்கிச் சென்ற அத்தாயின் பெயர் தெரியவில்லை. மடியில் மகனின் உடலைத் தாங்கிய வியாகுல மாதாவை நாம் ஆண்டுதோறும் தியானிக்கிறோம். மடியில் மகனை வைத்துக்கொள்ளவும் நேரமில்லாத இந்தத் தாய், நம் மண்ணில், நாம் நடக்கும் கரிசலில் வாழ்ந்தவள். யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன அன்பு, பிறர்க்காக உயிரைக் கொடுக்கும் அன்பு, அம்மகனிடம் இருந்தது. இக்காட்சியோடு ஒப்பிட்டால் எந்த வசனம் நிற்கும்? ஆனால் இது நம் நெஞ்சில் 'மறக்க முடியாத காட்சி' ஆகவில்லை. இதில் நட்சத்திரம் இல்லை.

உருவமும் உரியவரும்

உருவங்களைப் பற்றி நம் திருச்சபைக்கு நீண்ட அனுபவம் உண்டு. சொரூபங்களை உடைத்தோருக்கும் போற்றினோருக்கும் இடையே ஒரு நூற்றாண்டைத் தொட்ட பூசல் நடந்தபோது, 787ஆம் ஆண்டு நீசேயாவில் கூடிய பொதுச்சங்கம் ஒரு தெளிவைத் தந்தது. உருவத்துக்குச் செய்யும் வணக்கம் உருவத்தோடு நிற்பதில்லை. அவ்வுருவம் யாரைக் குறிக்கிறதோ அவரைச் சென்றடைகிறது என்பதே அத்தெளிவு. உரியவரைச் சென்றடையாமல் உருவத்திலேயே தங்கிவிட்ட வணக்கம் சிலைவழிபாடு. இது நமக்கு மறைக்கல்வி வகுப்பில் கற்பிக்கப்பட்ட பாடம்.

இந்த அளவுகோலைத் திரைக்கும் வைத்துப் பார்க்கலாம். நடிகர் ஓர் உருவம். வரலாற்று மனிதர் உரியவர். வணக்கம் நடிகரைத் தாண்டிச் சென்றால் அது கலையின் வெற்றி. நடிகரிடமே தேங்கிவிட்டால் அது ரசிகரின் தோல்வி. நம் ஊர்களில் தவக்காலத்தில் நடக்கும் பாஸ்கா நாடகத்தை எண்ணிப் பாருங்கள். நாடகம் முடிந்து வீடு திரும்பும் கூட்டம் எதைப் பேசுகிறது? ஆண்டவரின் பாடுகளையா, யூதாசாக நடித்தவர் வெள்ளிக்காசை எண்ணிய அழகையா? பாடுகளைப் பார்த்துவிட்டு ஒப்பனையைப் பேசும் பழக்கம் நமக்குள்ளேயே இருக்கிறது. திரையரங்கில் அதுவே பெருகி வழிகிறது.

ஒரு நல்ல மாற்றுச் சான்றும் உண்டு. 1961ஆம் ஆண்டு நவம்பரில் அதே பந்துலு 'கப்பலோட்டிய தமிழ'னை வெளியிட்டார். வ.உ. சிதம்பரனாராகச் சிவாஜி, பாரதியாக எஸ்.வி. சுப்பையா, சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகம். வ.உ.சி.யின் மகன் அப்படத்தைப் பார்த்துவிட்டுத் தம் தந்தையையே கண்டதாகக் கூறினார். அதைவிடப் பெரிய விருது தமக்கு இல்லை என்று சிவாஜி பின்னாளில் சொல்லி மகிழ்ந்தார். உருவத்தைத் தாண்டி உரியவரைக் கண்ட பார்வை அது. நடிகரும் விரும்பியது அதையே.

நாம் என்ன செய்தோம்? தேசிய விருது பெற்ற அப்படம் வசூலில் தோற்றது. 1912ஆம் ஆண்டு டிசம்பரில் வ.உ.சி. சிறையிலிருந்து வெளிவந்தபோது, 1908இல் அவருக்காகத் தெருவை நிறைத்த கூட்டம் வாயிலில் இல்லை. மக்கள் கைவிட்ட மனிதரின் கதையைச் சொன்ன படத்தையும் மக்கள் கைவிட்டனர். வாள் வீசும் நாயகனுக்குத் திரண்ட கூட்டம், செக்கிழுத்த நாயகனுக்குத் திரளவில்லை. நடிகர் அதே நடிகர். இயக்குநரும் அதே இயக்குநர். வேறுபட்டது பார்வையாளரின் விருப்பம். ஆகவே "நடிகரால்தான் வரலாறு நினைவில் நிற்கிறது" என்ற ரசிகர் வாதம் இங்கேயே சரிகிறது. நமக்குப் பிடித்த வரலாற்றுக்கு மட்டுமே நடிகர் துணை நிற்க முடிகிறது.

1908ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தாமிரபரணிக் கரையில், நாம் கடைக்குப் போய்வரும் தெருக்களில் சிந்திய இரத்தம் அது. அந்நால்வருக்கு வசனம் எழுதியவர் இலர். ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற நூல் அவ்வெழுச்சியை ஆராய்ந்து கூறுகிறது. 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. எழுச்சி நடந்த நகரத்தின் வீடுகளில் அந்நூல் எத்தனை அலமாரிகளில் இருக்கிறது?

ஒரு மறுப்பும் விடையும்

"திரைப்படம் வரலாற்று நூல் அன்று, கற்பனைக்கு உரிமை வேண்டாமா?" என்று கேட்பர். உரிமை வேண்டும். கூத்துக்கும் கதைப்பாடலுக்கும் அந்த உரிமை என்றும் இருந்தது. ஆனால் நெல்லைச் சீமையின் கட்டபொம்மு கதைப்பாடல்கள் ஊமைத்துரையை மறக்கவில்லை, நா. வானமாமலை அவற்றைத் தேடிப் பதிப்பித்தபோது இது வெளிப்பட்டது. எழுத்தறியாத பாடகர் நாயகன் இறந்த பிறகும் கதையைத் தொடர்ந்தார். படித்த நாம் இருக்கையைவிட்டு எழுந்துவிட்டோம். கற்பனை செய்தது கலைஞரின் உரிமை. அதற்குமேல் கேட்காமல் விட்டது நம் சோம்பல். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது முறையன்று.

"இவ்வளவு பழைய செய்தியால் யாருக்கு என்ன பயன்?" என்றும் கேட்பர். நாயகன் ஒருவன் வந்து முழங்கினால்தான் நீதி பிறக்கும் என்று நம்பும் மக்கள், நாயகன் வரும் வரை கைகட்டி நிற்பர். 1801இல் நம் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. ஆற்றில் மணல் அள்ளப்பட்டபோதும், ஆலைக் கழிவு கலந்தபோதும், தாமிரபரணிக்காக வழக்காடியவர்களும் தெருவில் நின்றவர்களும் நட்சத்திரங்கள் அல்லர். அவர்களுக்கு முன்னோர் உண்டு என்று சொல்வதற்கே இந்த வரலாறு வேண்டும்.

ஆகவே சில வேண்டுகோள்கள். நம் மறைமாவட்டப் பள்ளிகளின் பேச்சுப் போட்டிகளில், திரைவசனத்தை ஒப்பிப்பதற்குப் பரிசு தருவதை நிறுத்துவோம். அச்சிறுவனுக்கே ஊமைத்துரையின் துரும்புச் சைகையையும், இராமநாதபுரத்தில் நின்ற மூன்று மணி நேரத்தையும் சொல்லிக்கொடுத்து, தன் சொற்களில் பேசச் சொல்வோம். இளையோர் இயக்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறை பாஞ்சாலங்குறிச்சிக்கும் ஒட்டப்பிடாரத்துக்கும் கயத்தாற்றுக்கும் சென்று வரட்டும். போகும் வழியில் எட்டயபுரத்திலும் இறங்கட்டும். துரோகி என்று சொல்ல வேண்டிய இடத்தில் துரோகி என்றே சொல்வோம். ஓர் ஊரின் பெயரைச் சொல்ல வேண்டாம். படத்தையும் பார்ப்போம், மகிழ்வோம். சிவாஜி கணேசன் அதற்குத் தகுதி வாய்ந்தவர்.

கயத்தாற்றுப் புளியமரத்தடியில் திரை விழுந்ததும் எழுந்துவிடாதீர்கள். பாளையங்கோட்டைச் சிறைக்கதவு உடைபட இன்னும் ஓராண்டும் நான்கு மாதங்களுமே இருக்கின்றன.